பள்ளிக்கூடக் கட்டாயமும் பெற்றோரின் அமானிதமும்

பிள்ளைகளைப் பெற்றவர்களின் பொறுப்பு, அவர்களுக்கு உணவும் உடையும் தருவதோடு முடிந்துவிடுவதில்லை. தன்னை மட்டுமன்றித் தன் குடும்பத்தாரையும் நரக நெருப்பிலிருந்து காக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனின் (66:6) கட்டளை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்னும் கருத்துள்ள ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றிருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையைத் தொழ ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது பெற்றோரிடமே தவிர, பிள்ளையிடமன்று. ஏனெனில், பாலிகாகாத பிள்ளை மீது ஷரீஅத்தின் கடமை எதுவும் இல்லை. கடமை, வளர்ப்பவர் தலையில்தான் இருக்கிறது. மார்க்கத்தின் கட்டாயக் கடமைகளைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் செலவு, பிள்ளைக்குச் சொந்தச் சொத்து இருந்தால் அதிலிருந்தும், இல்லாவிட்டால் அதைப் பராமரிக்கக் கடமைப்பட்டவரிடமிருந்தும் கொடுக்கப்பட வேண்டும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'மஜ்மூஃ' நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதே ஒழுங்கில்தான் அமைந்திருக்கிறது. 2002-ல் நிறைவேறிய 86-வது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக ஆக்கியது. அந்த வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெற வாய்ப்பளிப்பது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்றும் அது சேர்த்துச் சொன்னது. இதைச் செயல்படுத்த 2009-ல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோர், பாதுகாவலர் மீதும் கடமை என்கிறது.

ஆனால் அப்பிரிவை மீறும் பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை ஏதும் இல்லை. 'கட்டாயம்' என்ற சொல், இலவசக் கல்வி தருவதும், வருகையையும் படிப்பு நிறைவையும் உறுதி செய்வதும் அரசின் பொறுப்பு என்ற பொருளிலேயே அதில் விளக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் கவலை இல்லை என்று எவரேனும் எண்ணினால், அவர் தம் அமானிதத்தை மறந்துவிட்டார் என்றே பொருள். அரசாங்கம் கேட்காமல் விட்ட கேள்வி, கியாமத்து நாளில் கேட்கப்படாமல் விடப்படுமா?

"இது மார்க்கக் கல்வி அல்லவே, உலகக் கல்விதானே!" என்று சிலர் கேட்கலாம். மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்து எழுதியவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். பத்ரில் பிடிபட்டவர்களுள் மீட்புத் தொகை கொடுக்க இயலாத சிலருக்கு, அன்ஸாரிச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே மீட்புத் தொகையாக ஆக்கப்பட்டது. கற்பித்தவர்கள் ஈமான் கொண்டவர்களல்லர். கற்பிக்கப்பட்டதும் எழுதும் கலைதான். எனினும் நபி (ஸல்) அவர்கள் அதைப் பெரிதாக மதித்தார்கள்.

இனி, நம் வீடுகளில் தவறு நேரும் இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, வருகை. பெயரைப் பதிவு செய்துவிட்டால் கடமை தீர்ந்துவிடாது. 1 முதல் 5 வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 6 முதல் 8 வரை 220 நாட்கள் என்று சட்டம் வகுத்திருக்கிறது. கல்யாணம், கந்தூரி, ஊர்ப்பயணம் என்று மாதத்திற்கு நான்கு நாட்கள் விடுப்பு எடுத்தால், பத்து மாதத்தில் 40 நாட்கள் போய்விடும். சிறு வகுப்பில் அது ஐந்தில் ஒரு பங்கு!

இரண்டாவது, கடை. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம். வாப்பாவின் கடையானாலும் பள்ளி நேரத்தில் பிள்ளை கல்லாவில் உட்காரக் கூடாது.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்ற ஹதீஸில் பெண்களும் அடங்குவர் என்பது உலமாக்களின் விளக்கம். பருவமடைந்த உடன் பள்ளியை நிறுத்திவிடுவது சட்டத்திற்கும் ஆகாது, அமானிதத்திற்கும் ஆகாது. வழித்துணை பற்றிய கவலை இருந்தால், தெருவிலுள்ள நான்கு வீட்டார் சேர்ந்து ஏற்பாடு செய்துகொள்ளலாம். கழிப்பறை, பாதுகாப்பு பற்றிய குறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்துச் சொல்லலாம். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்களுக்கும் அதில் இடமுண்டு.

நான்காவது, ஹிஃப்ளு. 2012-ல் வந்த திருத்தத்தின்படி மதரஸாக்களுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. பிள்ளையின் படிப்பைப் பாதியில் கைவிட இதையே ஆதாரமாகக் கொள்ளலாகாது. அத்திருத்தம் நிறுவனத்தைப் பற்றியே பேசுகிறது. பெற்றோரின் கடமை நீங்கிவிட்டதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. ஹிஃப்ளில் சேர்க்கும் முன்பே, "பள்ளிப் பாடத்துக்கு என்ன ஏற்பாடு?" என்று ஹள்ரத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே இடையில் நின்றுவிட்ட பிள்ளையா? 4-வது பிரிவின்படி அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம். விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி பெற உரிமை உண்டு. 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும் வரை அது இலவசமே.

சட்டத்தின் எல்லை 14 வயது. நம் பொறுப்பின் எல்லை அதுவன்று. காலையில் மக்தபுக்கும், பிறகு பள்ளிக்கும் பிள்ளையை அனுப்புகிற வீட்டில் இரவு இஷாவுக்குப் பின் விரைவில் விளக்கணைய வேண்டும். தூக்கம் போதாத பிள்ளை இரண்டு இடத்திலும் கற்காது. இத்தகைய சிறு ஒழுங்குகளில்தான் அமானிதம் காக்கப்படுகிறது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செல்வங்களைப் பயனுள்ள கல்வி உடையோராக வளர்த்தெடுக்க வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.