கை வைத்த இடத்தில் தேடு

உள்ளங்கையில் அடங்கும் ரிமோட் காரை வாங்கி, அதன் வேகம் போதாமல் மோட்டாரை மாற்றி, அதற்குக் கரண்டைத் திறந்து மூடும் ஃபெட் டிரான்சிஸ்டர்களை அடுக்கி, விளக்கும் போட்டுவிட்டு, “அண்ணே, ஸ்டியரிங் நடுங்குது, போர்டு சுடுது” என்று வருகிற தம்பி தங்கைகளுக்கு இது. ஜப்பானின் கியோஷோ கம்பெனி 1999-ல் கொண்டுவந்த மினி-ஸீ வகைக் காரை மனதில் வைத்தே சொல்கிறேன். நிஜக் காரில் ஏறத்தாழ 28-ல் ஒரு பங்கு அளவு, நாலு ட்ரிபிள் ஏ செல், 130 அளவு மோட்டார். ரிசீவர், வேகக் கட்டுப்பாடு, ஸ்டியரிங்கை ஓட்டும் சுற்று மூன்றும் ஒரே போர்டில் இருக்கும். பெரிய கார்களில் இவை தனித்தனிப் பெட்டிகள். சந்தேகப்பட்டதைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது. அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

1. கடைசியாக எதில் கை வைத்தாய் என்று முதலில் யோசி. நேற்று ஓடிய கார் இன்று ஓடவில்லை என்றால், கம்பெனி வைத்த ஈயத்தைச் சந்தேகிக்கும் முன் நீ வைத்த ஈயத்தைச் சந்தேகி. செய்த மாற்றங்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வா. பழைய மோட்டாரையும் பழைய ஸ்பிரிங்கையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும். ஒரே ராத்திரியில் மூன்று மாற்றம் செய்கிறவர்களுக்கு இந்த வழி கிடையாது. ஒன்றை மாற்று, செல் தீரும்வரை ஓட்டிப் பார், பிறகு அடுத்ததுக்குப் போ.

2. அல்கலைன் செல்லை ரிமோட்டில் போடு, காரில் வேண்டாம். புது அல்கலைன் நாலைச் சேர்த்து அளந்தால் மீட்டர் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலுக்குக் கணக்கு 4.8தான். இதைப் பார்த்து அல்கலைனுக்கே பலம் அதிகம் என்று நினைத்துவிடுவார்கள். வேகமான மோட்டார் இழுக்கும் கரண்டைக் கொடுக்க அல்கலைனால் முடியாது; உள் மின்தடையிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலக்கவும் கூடாது. நாலில் பலவீனமான ஒன்று முதலில் தீர்ந்து, மற்ற மூன்றும் அதைத் தலைகீழாக சார்ஜ் செய்ய ஆரம்பிக்கும். அந்தச் செல் அதோடு சரி.

3. நிற்கிற காரில் எடுத்த வோல்டேஜை நம்பாதே. என்னிடம் வருகிற கார்களில் பெரும்பாலானவற்றின் கோளாறு இங்கேதான் அகப்படுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் கிளம்பும் நொடியில் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வை. வழியில் எங்கோ 0.2 ஓம் தடை கூடுதலாக இருந்தால் அங்கேயே 1 வோல்ட் போய்விடும். 4.8-ல் 1 வோல்ட் சின்ன நஷ்டம் இல்லை. ஆனால் 0.2 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் பக்கத்தில் பிடிக்க முடியாது. மீட்டர் ஒயருக்கே அவ்வளவு தடை இருக்கும். அதனால் ஓமை விட்டுவிட்டு வோல்டேஜ் இழப்பை அள.

செல்லைக் காரிலேயே விட்டுவிடு. மீட்டரை 2 வோல்ட் டிசி ரேஞ்சில் வை. ஒரு முனையைச் செல்லின் மைனஸ் மேலேயே தொடு. செல்லைப் பிடித்திருக்கும் தகட்டில் வேண்டாம், செல்லின் உடம்பில். மறுமுனையைப் போர்டில் மைனஸ் ஒயர் வந்து சேரும் ஈயப்பொட்டில் வை. நண்பன் ஒருவனைச் சக்கரத்தைக் கையால் லேசாகத் தடுக்கச் சொல்லி, பாதி வேகம் கொடு. ஒரு நொடி போதும், பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் ஃபெட் வெந்துவிடும். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அந்தப் பக்கம் நல்லது. 0.3, 0.4 என்று ஏறினால் அந்த இரண்டு முனைக்கு நடுவில் கோளாறு இருக்கிறது. நடுவில் இருப்பதோ தகடு, ஈயம், ஒயர், ஸ்விட்ச் அவ்வளவுதான். முனைகளை ஒவ்வொரு படியாக நெருக்கிக்கொண்டே வந்தால் பத்து நிமிஷத்தில் இடம் தெரிந்துவிடும். பிளஸ் பக்கத்தையும், செல்லும் செல்லும் சேருகிற இடங்களையும் அப்படியே பார்.

பெரும்பாலும் செல் தகடுதான் அகப்படும். கசிந்த அல்கலைன் செல் விட்டுப்போன வெள்ளைப் பொடி இருந்தால் கொஞ்சம் வினிகரால் துடை, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடு. தகடு தளர்ந்திருந்தால் முன்னே வளைத்துக் கொடு.

4. நடுக்கத்துக்கு மூன்று காரணம் உண்டு. மூன்றும் முதல் பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும். மோட்டார் ஒயர் இரண்டையும் கழற்றிவிட்டுக் காரை ஆன் செய், ஸ்டியரிங்கை மட்டும் மெதுவாகத் திருப்பு. இப்போதும் நடுங்கினால் மோட்டார் மேல் குற்றமில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவின் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) அழுக்கு. சக்கரம் அதிக நேரம் நேராகவே நிற்பதால் பாட்டின் நடுப்பகுதிதான் முதலில் தேயும், நடுக்கமும் அங்கேதான் கூடும். ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பலமுறை ஓட்டு.

மோட்டாரைக் கழற்றியதும் நடுக்கம் நின்றுவிட்டால், காரணம் மோட்டாரின் பிரஷ் தீப்பொறி கிளப்பும் இரைச்சல், அல்லது வோல்டேஜ் சரிவு.  இரண்டில் எது என்பதை ரிசீவரின் வகை பிரித்துக் காட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார் மோட்டார் இரைச்சலுக்கு ரொம்பவே அடங்கிப் போகும், ஓடும்போது சக்கரம் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கார் அப்படிச் சிலிர்க்காது. வேகம் கொடுத்ததும் ஒரு கணம் செத்து, தானே உயிர் பெறும். அது வோல்டேஜ் விழுந்து ரிசீவர் புதிதாக ஆரம்பிப்பது. அப்படியானால் 3-ஆம் எண்ணுக்குத் திரும்பிப் போ.

இரைச்சலுக்கு மருந்து மூன்று செராமிக் கெபாசிட்டர். 104 என்று எழுதியிருக்கும், 0.1 மைக்ரோஃபாரட். மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒன்று. ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடம்புக்கு ஒவ்வொன்று. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும், சில்லறைக் காசுதான். இரும்பைத் தேய்த்துவிட்டு ஈயம் வை, இல்லையென்றால் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் பின்மூடி பிளாஸ்டிக் இளகி பிரஷ் கோணிக்கொள்ளும்.

5. முன்னே போகிறது, பின்னே போகவில்லை என்றால் மறுபடி மறுபடி பின்னே கொடுத்துப் பார்க்காதே. முன்னும் பின்னும் ஓட்டுகிற பாலத்தில் (எச் பிரிட்ஜ்) நாலு இடத்தில் ஃபெட் உண்டு. ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் ஒரு திசை ஒழுங்காக ஓடும். எதிர்த் திசை கேட்டால் பாலத்தின் அதே பக்கத்து மற்ற ஃபெட்டும் திறந்து, பேட்டரி பிளஸ் நேராக மைனஸுக்குப் போய்விடும். ஒரு ஃபெட்டோடு போயிருக்கவேண்டிய கோளாறு போர்டையே தின்றுவிடும். எதிர்த் திசையில் சூடே இல்லாமல் சும்மா இருந்தால் ஃபெட் உள்ளே அறுந்துபோயிருக்கலாம், அல்லது கேட்டுக்கு உத்தரவு வரவில்லை.

சோதிக்க, செல்லை எடு, மோட்டார் ஒயரையும் கழற்று; மோட்டாரின் தடை ரொம்பக் குறைவு, அது இருந்தால் பாலத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே தெரியும். மீட்டரை டயோடு குறியில் வைத்து, ஒவ்வொரு மோட்டார் முனையையும் பேட்டரி பிளஸோடும் மைனஸோடும் இரண்டு திசையிலும் அள. ஒரு திசையில் ஏறத்தாழ 0.4-லிருந்து 0.7 வரை, மறு திசையில் ஒன்றுமில்லை என்று காட்டினால் ஃபெட் ஷார்ட் ஆகவில்லை. போர்டில் கெபாசிட்டர் இருப்பதால் எண் கொஞ்சம் ஓடிவிட்டு நிற்கும், பொறு. இரண்டு திசையிலும் பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட்.

6. ஃபெட் மேல் ஃபெட் அடுக்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுக்குவதன் லாபம் உண்மைதான். தடை குறைகிறது, சூடேறச் சூடேற ஒவ்வொரு ஃபெட்டின் தடையும் கூடுவதால் கரண்ட்டும் தானாகவே பங்காகிவிடும். ஆனால் மேல் ஃபெட்டின் கேட் கால் கீழ்க்காலோடு ஒட்டாமல், பார்வைக்கு மட்டும் ஒட்டினதுபோல் நின்றால், அந்த ஃபெட் திறந்ததும் இல்லை மூடியதும் இல்லை. பாதி திறந்து வேகும். பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு காலையும் பார். மீட்டர் முனையை அழுத்தி வைக்காதே, அழுத்தினால் ஒட்டாத ஈயமும் ஒட்டினதாகக் காட்டும்.

7. கார்பன் ஃபைபர் தகடு கரண்டைக் கடத்தும். பளபளப்பைப் பார்த்து பிளாஸ்டிக் என்று நினைத்து, தோல் உரிந்த ஒயரை அதன் மேல் விடுகிறவர்கள் நிறையப் பேர். நேராக ஓடும்போது சரியாக இருந்து, திருப்பத்தில் அல்லது மோதியதும் நின்றுபோகிற கார் வந்தால் முதலில் தகட்டின் அறுத்த விளிம்புகளைப் பார்.

8. ஆன்டெனாவை அழகுக்காக வெட்டாதே.

9. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 4.8 வோல்ட்டில் நேராகப் போடாமல் ஒவ்வொன்றுக்கும் தனியாக 100 அல்லது 150 ஓம் ரெசிஸ்டர் போடு. கரண்டைப் பேட்டரி முனையிலிருந்து எடு. ரிசீவருக்கான ரெகுலேட்டரிலிருந்து எடுத்தால், விளக்கு எரியும்போதெல்லாம் ஸ்டியரிங் சோர்ந்துபோகும்.

10. இரண்டு செல் லிப்போ போட ஆசை வரும். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட். நாலு ட்ரிபிள் ஏ-வுக்காகச் செய்த போர்டு இதைத் தாங்கும் என்று ஃபெட்டின் தாள் சொல்லலாம். ரெகுலேட்டரும் சர்வோ மோட்டாரும் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் போடு. இன்னொன்று, சின்ன லிப்போக்களில் ஒரே மாதிரி பிளக் இருந்தாலும் பிளஸ் மைனஸ் இடம் கடைக்குக் கடை மாறும். பிளக் பொருந்துகிறதே என்று செருகாமல், முதல் தடவை மீட்டரால் பார்த்துச் செருகு. வாங்கிய அன்றே பிளஸ் ஒயரில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்துவிட்டால் பிறகு மீட்டரைத் தேட வேண்டியதில்லை.