வீட்டுச் சேமிப்புச் சேவையகத்துக்குத் தொடக்கச் சாதனம் தெரிதல்

மாணவர்களே, பின்வரும் சந்தர்ப்பத்தைக் கருதுக. மடுல்சீமைத் தோட்டமொன்றில் உள்ள வீட்டில், அலுவலகமொன்று கழித்துவிட்ட பழைய மேசைக்கணினி உள்ளது. தாத்தாவின் பிரசாவுரிமைச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் கல்யாணப் படங்கள் ஆகியவற்றை வருடி அதில் தேக்கி, வீட்டிலுள்ளோர் தம் கைபேசிகளில் பார்க்கச் செய்ய வேண்டும். (2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பிரசாவுரிமை பெற்ற குடும்பங்களுக்கு அப்பத்திரத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.)

கோப்புகளைத் தேக்கி வலையமைப்பினூடாகப் பகிரும் இத்தகைய கணினி சேமிப்புச் சேவையகம் எனப்படும். ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவோல்ட் என்பன இதற்கான இலவச மென்பொருள்களாகும்.

கணினிக்கு மின்னை வழங்கியதும் பணிசெயல் முறைமை முதனிலை நினைவகத்துக்கு ஏற்றப்படுகிறது. இதுவே தொடக்குதல். பணிசெயல் முறைமை இருக்கும் சாதனம் தொடக்கச் சாதனம் ஆகும். மேற்கூறிய இரு மென்பொருள்களும் தொடக்கச் சாதனத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொள்கின்றன. குடும்பப் படங்கள் வேறு வன்தட்டுகளில் தேக்கப்படும். ஆகவே தொடக்கச் சாதனம் பழுதடைந்தாலும் படங்கள் அழிவதில்லை. புதிய சாதனமொன்றில் மென்பொருளை மீள நிறுவி, பழைய வன்தட்டுகளை இணைத்தால் போதும்.

இங்கு பலர் விடும் பிழை, பெரிய கொள்ளளவுள்ள சாதனத்தை வாங்குவதாகும். ட்ரூநாஸுக்கு 16 கிகாபைற்று போதும். 1 டெராபைற்று வாங்கினால் மிகுதி வீணே. அதிவேகச் சாதனமும் தேவையில்லை. சேவையகம் அடிக்கடி தொடக்கப்படுவதில்லை; கோப்புப் பரிமாற்ற வேகத்தைத் தீர்மானிப்பது வலையமைப்பும் தரவு வன்தட்டுகளுமே. செக்கனுக்கு 1 கிகாபிற்று வடத்தினூடாகச் செல்லக்கூடியது அதிகபட்சம் செக்கனுக்கு 125 மெகாபைற்று மட்டுமே.

அப்படியானால் மலிவான பென் டிரைவ் போதாதா? அது சாட்டா துறையொன்றையும் பிடிக்காது. பழைய தாய்ப்பலகையில் நான்கு சாட்டா துறைகளே இருப்பின், தொடக்கச் சாதனத்துக்கு ஒன்று போக, தரவுக்கு மூன்றே எஞ்சும். ஃப்ரீநாஸ் என்ற பெயரில் இம்மென்பொருள் வழங்கிய காலத்தில் பலர் பென் டிரைவையே பயன்படுத்தினர். எனினும் பளிச்சீட்டு நினைவகத்தின் ஒவ்வொரு கலத்திலும் எழுதி அழிக்கக்கூடிய தடவைகள் வரையறுக்கப்பட்டவை. பணிசெயல் முறைமை இரவு பகலாகப் பதிவேடுகளை எழுதுகிறது. எஸ்எஸ்டியின் கட்டுப்படுத்தி இந்த எழுத்துகளைக் கலங்களுக்கிடையே சமமாகப் பகிர்கிறது. மலிவான பென் டிரைவில் அவ்வசதி மிகக் குறைவு. இதனாலேயே ட்ரூநாஸ் கையேடு பென் டிரைவைப் பரிந்துரைப்பதில்லை.

கணித்துப் பார்ப்போம். எஸ்எஸ்டி ஒன்றின் எழுதல் ஆயுள் 40 டெராபைற்று எனவும், நாளொன்றுக்கு 5 கிகாபைற்று எழுதப்படுகிறது எனவும் கொள்க. 40 000 ÷ 5 = 8000 நாட்கள்; அதாவது ஏறத்தாழ 22 ஆண்டுகள். கணினியே அவ்வளவு காலம் உழைக்காது!

எனவே எமது வீட்டுக்குப் பொருத்தமானது சிறிய எஸ்எஸ்டி ஆகும். தாய்ப்பலகையில் எம்.2 துளை இருப்பின் 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சிறு பலகையை அதில் பொருத்தலாம். ஆனால் துளை சாட்டா வகையா, என்விஎம்ஈ வகையா என்பதை வாங்கமுன் கையேட்டில் பார்க்க. பதுளைக்குப் போய்வரும் பஸ் செலவு மிச்சம். துளை இல்லையெனில், எஸ்எஸ்டியை யூஎஸ்பி உறையொன்றில் இட்டுப் பின்புறத் துறையில் இணைக்கலாம். சாட்டா துறைகள் நான்கும் தரவுக்கே எஞ்சும்.

மின்வெட்டையும் மறக்கலாகாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. எழுதிக்கொண்டிருக்கையில் மின் நின்றால் பணிசெயல் முறைமை சிதையலாம். தடையில்லா மின்வழங்கி இருப்பின் நன்று. எவ்வாறாயினும் சேவையகத்தின் அமைப்புக் கோப்பின் பிரதியொன்றை வேறொரு பென் டிரைவில் வைத்திருக்க. பென் டிரைவுக்கு ஏற்ற வேலை அதுதான்.

மாதிரி வினா: தொடக்கச் சாதனம் பழுதடைந்தது. தாத்தாவின் சான்றிதழ் பிரதி அழிந்துவிட்டதா? காரணம் தருக. (2 புள்ளிகள்)

விடை: இல்லை (1). அது தனியான தரவு வன்தட்டில் உள்ளது (1). தரவு வன்தட்டே பழுதடைந்தால் விடை மாறும். அதற்குக் காப்புப்பிரதி வேறாக எடுத்திருக்க வேண்டும்.