வானிலிருந்து எடுக்கும் படமும் நகரத் திட்டமும்

(சத்தியமங்கலம் தாலுகா விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

நகரங்கள் பெருகப் பெருக, வயல்களின் நடுவே மனைப்பிரிவுகள் தோன்றுவதை நம் தாலுகாவிலும் காண்கிறோம். எந்தப் பூமி பயிருக்கு, எது குடியிருப்புக்கு, எது தொழிற்சாலைக்கு என்று பகுத்து வைப்பதே முழுமைத் திட்டம் எனப்படும். 1971-ம் வருஷத்திய தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி இது தயாரிக்கப்படுகிறது. முன்னாளில் சங்கிலி பிடித்து அளந்த படங்களே இதற்கு ஆதாரமாயிருந்தன. 2015-ல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில், கோயமுத்தூர், ஈரோடு முதலியவை அடங்கிய நகரங்களுக்குச் செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு கணினியில் வரையும் முறை வகுக்கப்பட்டது. இம்முறையின் குணத்தையும் குறையையும் நிலச்சுவான்தார்கள் அறிந்திருத்தல் அவசியம்.

படத்தின் நுட்பம்

செயற்கைக்கோள் படம் சிறுசிறு சதுரங்களால் ஆனது. ஒரு சதுரத்துள் அடங்கியதெல்லாம் ஒரே நிறமாகவே பதியும். நம் தேசத்து ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 கருவியில் சதுரத்தின் பக்கம் 23.5 மீட்டர்; அதாவது ஏறக்குறைய 13½ சென்டு பூமி. லிஸ்-4 கருவியில் 5.8 மீட்டர், இது ஒரு சென்டுக்கும் குறைவு. 2019-ல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 ஏறக்குறைய ஒரு சாண் அளவுவரை பிரித்துக் காட்டவல்லது. ஆகவே முதல் வகைப் படத்தில் கொப்பு வாய்க்கால் தனியே தெரியாது. நுட்பமான படத்திலும், இருபுறத்து வேலிமரங்கள் கவிந்த இட்டேரி மறைந்துபோகும்.

பருவத்தால் நேரும் பிழை

பசும் பயிர் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இதைக் கொண்டே பயிர்ப் பூமியைப் பிரித்தறிகிறார்கள். ஆனால் கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கரும் ஒரே சமயத்தில் பாசனம் பெறுவதில்லை. ஒரு பாதிக்கு நன்செய்ப் பயிருக்கும், மறுபாதிக்குப் பின்னர்ப் புன்செய்ப் பயிருக்குமாகத் தண்ணீர் முறைமாறி விடப்படுகிறது. முறையில்லாத மாதத்தில் எடுத்த ஒரே படத்தை நம்பினால், நல்ல வயலும் தரிசாகவே காணப்படும். அவ்வாறு குறிக்கப்பட்ட பூமி குடியிருப்புப் பகுதியில் சேர்ந்துவிட்டால், அதற்குக் கீழுள்ள வயல்களுக்குத் தண்ணீர் பாயும் வழி அடைபடும், வடிகாலும் கெடும். ஒருவர் பூமியைப் பற்றிய பிழையால் பலருக்கு நஷ்டம் நேரும்.

எல்லையைப் பற்றி

படத்தில் வரப்பு தெரியும், உரிமை தெரியாது. எல்லைக்கு ஆதாரம் புலப்படமும் சர்வே கல்லுமே. புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தும்போது, தரையிலுள்ள நிலையான குறிகள் இசையாவிட்டால் கோடுகள் விலகி நிற்கும். 1:4000 அளவுள்ள படத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகினால், தரையில் அது 4 மீட்டராகும். ஒரு வாய்க்கால் முழுவதும் அடுத்தவர் பூமிக்குப் போய்விட இதுவே போதும்.

செய்ய வேண்டியவை

1. பட்டா, புலப்பட நகல்களைப் பெற்று, சர்வே கற்கள் உரிய இடத்தில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளவும். கல் காணப்படாவிட்டால் சர்வேயரைக் கொண்டு அளக்க மனுச் செய்யவும்.

2. இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் என்னும் இணையப் படத்தில் தத்தம் பூமியைப் பார்க்கலாம். வாய்க்கால், இட்டேரி, குட்டை, பள்ளம் ஆகியவற்றுள் எவை தெரியவில்லை என்பதைக் குறித்து வைக்கவும்.

3. கிராம நிர்வாக அலுவலர்கள் பருவந்தோறும் பூமியை நேரில் பார்த்து அடங்கலில் பயிரைப் பதிதல் வேண்டும். படம் தரிசென்று காட்டும் பூமிக்கு அடங்கலே தக்க சாட்சி.

4. திட்டத்தின் வரைவை வெளியிட்டு ஆட்சேபணைகளைக் கேட்கச் சட்டம் இடந்தருகிறது. அறிவிப்பில் கண்ட தவணைக்குள், சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அடங்கல் நகலுடன் எழுத்து மூலமாக மனுக் கொடுக்கவும். ஒரே மதகின்கீழ்ப் பாசனம் பெறுவோர் கூடிக் கையொப்பமிடுவது நலம்.

திட்டம் உறுதியானபின் நிலப்பயனை மாற்றக் காலமும் செலவும் மிகும். வரைவு நிலையில் கொடுக்கும் மனுவுக்கு ஒரு நாள் உழைப்பே போதும். ஆகையால் வரைவு வெளியாகும்வரை காத்திராமல், மேற்சொன்ன தஸ்தாவேஜுகளை இப்பொழுதே சேர்த்து வைத்துக்கொள்வது உத்தமம்.