பூனைக்கு நோய் கண்டால் கமக்காரர் கவனிக்க வேண்டியவை

பெரும்போக வேளாண்மை வெட்டி, நெல் மூடைகள் வீடு வந்து சேரும்போது எலியும் கூடவே வந்து சேரும். மூதூர், தோப்பூர், கிளிவெட்டிப் பகுதிக் கமக்காரர் நெல் வைக்கும் வீட்டிற் பூனை வளர்ப்பது இதன்பொருட்டேயாம். எனினும், மாடு ஒரு நேரம் இரை எடுக்காவிடின் உடனே மிருக வைத்தியரைத் தேடும் அதே கமக்காரர், பூனை இரண்டு நாள் உண்ணாது கிடந்தாலும் “தானே மாறிவிடும்” என்று விட்டுவிடுவதைக் காண்கிறோம். பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. அது நோயைக் காட்டும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஆகவே, சுகமாயிருக்கும்போதே பூனையின் வழக்கத்தை அறிந்திருத்தல் வேண்டும். உறங்கும் பூனையின் விலா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என எண்ணிப் பார்க்கலாம். 20 முதல் 30 வரை இருத்தல் வழக்கம். ஓய்வாயிருக்கையில் 40க்கு மேற்படின் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை ஆபத்தான நிலையிலுள்ளது. முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினாலும், மஞ்சளானாலும், நீலம் பாய்ந்தாலும் தாமதித்தல் ஆகாது. ஒரு நாள் முழுதும் உணவை முகராத பூனையையும், மூடைகளுக்குப் பின்னே இருட்டில் ஒதுங்கி அழைத்தும் வராத பூனையையும் நோயுற்றதென்றே கொள்க.

இவற்றுள் கமக்காரர் பெரிதும் தவறிழைப்பது கடுவன் பூனைக்கு நீரடைப்பு ஏற்படும்போதாகும். கடுவனின் நீர்க்குழாய் மிக ஒடுங்கியது. மணல் போன்ற உப்புத்துகளும் சளியும் அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் இறங்காது. பூனை மண்ணைக் கிளறிக் குந்தும், முக்கும், இரண்டொரு துளியோ, இரத்தங் கலந்த நீரோ வரும், அல்லது ஒன்றும் வராது. சற்று நேரத்தில் வேறோரிடத்திற் குந்தும். இடையிடையே கத்தி, தன் குறியை நக்கிக்கொண்டிருக்கும். இதனை மலச்சிக்கல் என்றெண்ணி ஆமணக்கெண்ணெய் பருக்குவோர் பலர். எண்ணெய் அடைப்பை நீக்காது, நேரத்தையே வீணாக்கும். நீர் வெளியேறாதபோது சிறுநீரகம் கழிக்க வேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தேங்கும். பொற்றாசியம் மிகுந்து இருதயம் நின்றுவிடும். இதற்கு இரண்டு மூன்று நாளே போதும். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயன்றால் நீர்ப்பை கிழியக்கூடும். காலையில் இக்குறியைக் கண்டால் மாலைக்குமுன் வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவர் மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை எடுப்பார்.

அடுத்தது நஞ்சு. எலிப்பாஷாணம் வைக்கும் வீட்டில் நஞ்சுண்ட எலியைப் பூனை தின்றுவிடலாம். இரத்தம் உறையாதபடி செய்யும் வகைப் பாஷாணம் உடனே குணங்காட்டாது. மூன்று முதல் ஐந்து நாட்களின் பின்னரே சோர்வு, வெளிறிய முரசு, மூச்சுத்திணறல், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் ஆகியன தோன்றும். விற்றமின் கே இதற்கு மாற்று மருந்தாதலால், பாஷாணப் பொதியின் உறையைத் தவறாது வைத்தியரிடம் எடுத்துச் செல்க. மிளகாய், கத்தரிப் பாத்திகளிற் பூச்சிநாசினி தெளித்த அன்று பூனை அங்கு நடந்து, பின் காலை நக்கினாலும் நஞ்சேறும். வாயிலிருந்து எச்சில் ஒழுகி உடல் நடுங்கினால், கையுறை அணிந்து காலையும் மயிரையும் சவர்க்கார நீரிற் கழுவிக் கொண்டு செல்க. வாந்தியெடுக்க உப்புநீர் பருக்குதல் கூடாது. நாயின் உண்ணிக்கு இடும் பெர்மெத்திரின் மருந்தும் பூனைக்கு நஞ்சே.

பனடோல் கொடுத்தல் இவையனைத்தினும் வருந்தத்தக்கது. ஏனெனில் அது அன்பினாற் செய்யப்படுவது. மனிதரின் ஈரல் பரசிற்றமோலை மாற்றிக் கழிக்கும் முறை பூனையின் ஈரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே பூனையைக் கொல்லவல்லது. முரசு மண்ணிறமாகி, முகமும் பாதங்களும் வீங்கும். காய்ச்சல், நொண்டல் எதற்காயினும் வீட்டிலுள்ள மனித மருந்தைப் பூனைக்குக் கொடுத்தலாகாது.

பூனையின் நோய் சில வேளை வீட்டாருக்கும் எச்சரிக்கையாம். ஜப்பானின் மினமாட்டாக் குடாவை அடுத்த மீன்பிடிக் கிராமங்களில் 1950களின் முற்பகுதியிற் பூனைகள் தள்ளாடி, வலிப்புற்று இறந்தன. மனிதருக்கு அந்நோய் உள்ளதென 1956ஆம் ஆண்டிலேயே உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த இரசச் சேர்வை மீன்வழியாக இருசாராரையும் அடைந்திருந்தது. நமது கொட்டியாரக் குடாவில் அத்தகைய நஞ்சுண்டென்பது இதன் கருத்தன்று. ஆயினும், ஒரே தெருவிற் பல பூனைகள் ஒருங்கே நோயுற்றால் அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் நன்று.

நீர்வெறுப்பு நோய் பற்றியும் அறிந்திருத்தல் அவசியம். சாதுவான பூனை காரணமின்றிப் பாய்ந்து கடித்தாலோ, குரல் மாறி, விழுங்க இயலாது எச்சில் வடித்தாலோ, அதன் வாயில் மருந்திட முயலாதீர்கள். கடியுண்டவர் காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் மனிதரைக் காப்பது ஏறக்குறைய இயலாது. பூனையைக் கொன்றுவிடாமல், கையாற் தொடாது ஓர் அறையில் அடைத்துப் பரிசோதகருக்கு அறிவிக்கவும். பூனைக்கும் இந்நோய்த் தடுப்பூசி உண்டு. நாயோடு சேர்த்து அதற்கும் போடுவித்தல் வேண்டும்.

முன்னாளில் மூதூரிலிருந்து திருகோணமலை செல்லக் குடாவைக் கடக்கவோ துறைகளிற் காத்திருக்கவோ வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின் ஏனைய துறைகளும் பாலங்களான பின்னர் அத்தடை நீங்கிற்று. நோயுற்ற பூனையைச் சாக்கிற் கட்டாமல், மூடியுள்ள கூடையிலோ துளையிட்ட அட்டைப்பெட்டியிலோ பழந்துணி விரித்து வைத்து, மேலே ஒரு சீலையாற் போர்த்திக் கொண்டு செல்க. கடைசியாக எப்போது உண்டது, எப்போது சிறுநீர் கழித்தது, வீட்டிலோ தோட்டத்திலோ என்ன மருந்து இடப்பட்டது என்பவற்றை ஒரு தாளிற் குறித்து வைத்தியரிடம் கொடுக்கவும்.