யார் கண்ணுக்குத் தெரியவில்லை?

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். டிவிடி என்றாலே உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. பென் டிரைவ் காலத்துப் பிள்ளைகள், சிரியுங்கள். ஆனால் ஸ்கேன் படத்தை டிஸ்கில் வாங்கிக்கொண்டு வருபவர் இன்னும் இருக்கிறார். அப்பா அம்மா கல்யாண கேசட்டை மாற்றி வைத்த டிவிடிக்கு நாலு காப்பி கேட்பவரும் இருக்கிறார். அவர்களில் ஒருவர் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரைட்டர் நல்லாத்தான் இருக்கு, சாஃப்ட்வேர்லதான் காட்டமாட்டேங்குது" என்பார். உடனே நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இருக்கிற மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபார்மட். கல்லாவில் உட்கார்ந்து இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீ, வா, போ என்றுதான் வரும்.

1. டிரைவ் தெரியவில்லை என்று யார் சொன்னாலும், யாருக்குத் தெரியவில்லை என்று கேள். ஒரு டிரைவை நாலு பேர் பார்க்கிறார்கள். கரண்ட் போட்டதும் பயாஸ் பார்க்கிறது. அப்புறம் விண்டோஸ் பார்த்து டிவைஸ் மேனேஜரில் பெயர் எழுதுகிறது. மூன்றாவதாக மை கம்ப்யூட்டரில் அதற்கு ஓர் எழுத்து கிடைக்கிறது. பர்னிங் மென்பொருள் வருவது கடைசியில். கடைசி ஆள் புகார் சொன்னான் என்று கடைசி ஆளையே பிடித்து அடித்தால் எப்படி?

பயாஸிலேயே பெயர் இல்லையா, ஸ்குரு டிரைவரை எடு, மவுஸைத் தொடாதே. பயாஸில் பெயர் இருந்து, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் பெரும்பாலும் ரிஜிஸ்ட்ரி. டிவைஸ் மேனேஜரில் சுத்தமாக இருந்து மை கம்ப்யூட்டரில் மட்டும் காணோம் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் வேறு எழுத்து கொடு, வேலை முடிந்தது. மை கம்ப்யூட்டரில் படம் ஓடி, மென்பொருளில் மட்டும் டிரைவ் இல்லை என்றால், அப்போதுதான் அது மென்பொருளின் வழக்கு. வெளியிலிருந்து யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவைச் சில பயாஸ் காட்டாது. அதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே.

2. 'டிரைவ் இல்லை' என்பது வேறு, 'டிஸ்க் இல்லை' என்பது வேறு. கஸ்டமருக்கு இரண்டும் ஒன்றுதான், அவர் மேல் தப்பில்லை. நீ மட்டும் திரையில் வந்த செய்தியை உன் கண்ணால் படி. டிரைவின் பெயர் பட்டியலில் இருந்து, டிஸ்கைப் போடு போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தால், டிரைவை எல்லோரும் பார்த்தாயிற்று. டிரைவுக்குத்தான் கண் தெரியவில்லை.

என் மேஜை டிராயரில் மூன்று டிஸ்க் எப்போதும் கிடக்கும். ஒன்று பாட்டு சிடி, ஒன்று கடையில் விலைக்கு வாங்கிய பட டிவிடி, ஒன்று எழுதாத டிவிடி. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒரே லென்ஸுக்கு அடியில் இரண்டு கண். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். அதனால்தான் சில டிரைவ் பாட்டு சிடியை ஜம்மென்று ஓட்டும், டிவிடியைப் போட்டால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்ளும். பாட்டு சிடி, பட டிவிடி இரண்டையும் படித்து, புது டிஸ்கை மட்டும் வேண்டாம் என்றால், எழுதும் சக்தி குறைந்துவிட்டது, இல்லை அந்தக் கம்பெனி டிஸ்க் அதற்கு ஒத்துவரவில்லை. வேறு டப்பாவிலிருந்து ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு.

3. முகப்பில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படி. காம்போ டிரைவ் என்று ஒன்று இருந்தது. டிவிடியைப் படிக்கும், எழுதுவது சிடியை மட்டும். அதில் டிவிடி எழுத ஒரு மென்பொருளாலும் ஆகாது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் ஒரு முழுப் பகலைத் தொலைத்தவன் நம் கடையிலேயே இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன், சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டிருப்பான்.

4. டிரே திறக்கிறது, ஆகவே டிரைவ் நல்லாயிருக்கிறது என்று சொல்லாதே. டிரே திறந்தால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். டேட்டா கேபிள் செத்துக் கிடந்தாலும் டிரே திறக்கும், விளக்கு மினுக்கும். சாட்டா கேபிள் என்றால் தொட்டுப் பார்த்து, அழுத்திப் பார்த்து நேரத்தைக் கழிக்காதே. வேறு கேபிளை, போர்டில் வேறு துளையில் செருகு. ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்று. வேலை செய்தால் அப்புறம் ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்து எது குற்றவாளி என்று பார்க்கலாம். கேபினெட்டுக்குள் மடங்கி, சைடு மூடியில் நசுங்கிய கேபிள்தான் பாதி நாள் காரணம்.

பட்டையான பழைய ஐடிஇ கேபிள் வந்தால் பின்புறம் ஜம்பரைப் பார். ஒரு கேபிளில் இரண்டு சாதனம் தொங்கும், ஒன்று மாஸ்டர், ஒன்று ஸ்லேவ். இரண்டும் மாஸ்டர் என்று வைத்திருந்தால் ஒன்றாவது காணாமல் போகும், சில நேரம் ஹார்டு டிஸ்கும் சேர்ந்து போகும். இன்னொன்றும் உண்டு. 2006-இல் வந்த ஐசிஹெச்8 சிப்செட்டோடு இன்டெல் ஐடிஇயைக் கைவிட்டது. போர்டு செய்தவர்கள் பழைய டிரைவ்களுக்காக வேறொரு சின்ன சிப்பைத் தனியாக ஒட்டினார்கள். அந்தக் காலத்துப் போர்டு வந்தால், அந்தச் சிப்புக்கு டிரைவர் ஏற்றியிருக்கிறதா, பயாஸில் அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்.

5. யு.எஸ்.பி. டிரைவுக்குப் பசி அதிகம். யு.எஸ்.பி. 2.0 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். எழுதத் தொடங்கும் நேரத்தில் டிரைவ் அதற்குமேல் கேட்கும். கிடைக்காவிட்டால் விண்டோஸில் வந்து வந்து மறையும். இரட்டை வால் கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு வாலையும் செருகு. கேபினெட் முகப்பில் இருக்கும் துளை வேண்டாம், ஹப் அறவே வேண்டாம். பின்புறம் போர்டிலேயே இருக்கும் துளையில் கொடு.

6. இனி முக்கியமான விஷயம். இதற்குத் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்.

ஒரு வைகாசி முகூர்த்தத்தில், ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் சிஸ்டத்தோடு ஓடிவந்தார். நாற்பது டிஸ்க் எழுத வேண்டும், மறுநாள் மறுவீட்டில் கொடுக்க வேண்டும், டிரைவைக் காணோம். டிவைஸ் மேனேஜரில் டிரைவ் பெயர் மேல் மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் கோட் 39. எனக்கு அப்போது 39-உம் ஒன்றுதான், 93-உம் ஒன்றுதான். டிரைவ் போய்விட்டது என்று நினைத்து ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த புது ரைட்டரை மாட்டினேன். அதற்கும் அதே முக்கோணம். ஃபார்மட் போட்டேன். டிரைவ் வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மறுநாள் சாயங்காலம் அவர் மறுபடி வந்தார். பழைய மென்பொருள்களை எல்லாம் ஏற்றியதும் டிரைவ் மறுபடி மறைந்துவிட்டது. அது போகட்டும், மிக்ஸிங் செய்த ஃபைல்களை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தாராம். கேட்காமல் ஃபார்மட் போட்டவன் நான். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நடந்தது இதுதான். சிடி, டிவிடி டிரைவோடு பேச வரும் மென்பொருள்கள் சில, டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தன் ஆள் ஒருவனை நிறுத்தி வைக்கும். அதற்கு ஃபில்டர் டிரைவர் என்று பெயர். பாட்டு மாற்றும் மென்பொருள் ஒரு ஆளை நிறுத்தும், டிஸ்கைப் பென் டிரைவ் மாதிரி பயன்படுத்த வைக்கும் மென்பொருள் ஒரு ஆளை நிறுத்தும். மென்பொருளை அழித்த பிறகும் அந்த ஆளின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். விண்டோஸ் வரிசையாகப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வரும். ஒருவன் 'உள்ளேன் ஐயா' சொல்லவில்லை என்றாலும் டிரைவையே திறக்காது. டிரைவ் மேல் ஒரு குற்றமும் இல்லை. 19, 31, 32, 39, 41 என்று கோட் வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

பட்டியல் இருக்கும் இடம்: ரெஜெடிட்டைத் திற. ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ். அங்கே நீளநீளமான எண்கள் கொட்டிக் கிடக்கும். 4டி36இ965 என்று தொடங்குவதைப் பிடி. வலது பக்கம் கிளாஸ் என்ற வரியில் சிடிராம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள். இரண்டு எண் தள்ளி 967 இருக்கும், அது ஹார்டு டிஸ்க். நாம் இங்கே அழிக்கப்போகும் வரியின் பெயரிலேயே அங்கேயும் வரி இருக்கும். அதை அழித்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். 965-ஐ வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடு, வெட்கப்படாதே.

முதலில் அந்தச் சாவியை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்து. அப்புறம் வலது பக்கத்தில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு வரியையும் திறந்து, உள்ளே இருக்கும் பெயர்களைத் தாளில் எழுது. பிறகு அந்த இரண்டு வரியை மட்டும் அழி, சாவியை அல்ல. ரீஸ்டார்ட் செய். முக்கோணம் போயிருக்கும். ஐடியூன்ஸ் மாதிரி, தன் ஆளை அங்கே நிறுத்தியிருந்த மென்பொருள் அடுத்த முறை திறக்கும்போது புலம்பும். அதை மட்டும் மறுபடி ஏற்றிக் கொடு. நீ எழுதி வைத்த தாள் அதற்குத்தான்.

விண்டோஸ் 10-க்கு மாறிய கையோடு டிரைவ் காணாமல் போய், முக்கோணமும் இல்லை, பெயரும் இல்லை என்றால் வேறு இடம். அதே கரன்ட் கன்ட்ரோல் செட்டுக்குள் சர்வீசஸ், அதற்குள் அடாப்பி. அங்கே கன்ட்ரோலர்0 என்று புதுச் சாவி உண்டாக்கி, அதில் ஈனம்டிவைஸ்1 என்று ஒரு டிவேர்டு வைத்து மதிப்பு 1 கொடு. பல சிஸ்டத்தில் ரீஸ்டார்ட் ஆனதும் டிரைவ் வந்து நிற்கும்.

7. இமேஜ் ரெக்கார்டரிடம் ஏமாறாதே. நீரோ என்ற பர்னிங் மென்பொருளுக்கு நிஜ டிரைவ் கண்ணில் படவில்லை என்றால் பட்டியலில் இமேஜ் ரெக்கார்டர் என்ற ஒன்று மட்டும் நிற்கும். அவசரத்தில் அதையே டிரைவ் என்று நினைத்து பர்ன் கொடுத்தால், நூறு சதவீதம் ஓடி, வெற்றி என்று செய்தியும் வரும். டிரேயில் டிஸ்க் வெற்றாக இருக்கும், சிஸ்டத்துக்குள் என்.ஆர்.ஜி. என்ற வாலோடு பெரிய ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒருவன் இப்படி நாலு வெற்று டிஸ்கின் மேல் மார்க்கரில் மாப்பிள்ளை பெண் பெயரை எழுதிக் கவரில் போட்டும் கொடுத்துவிட்டான். எழுதிய டிஸ்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார், எழுதிய வட்டமும் எழுதாத வட்டமும் நிறம் மாறித் தெரியும். பார்க்காமல் கவரில் போடாதே.

8. மென்பொருளின் வழக்குதான் என்று உறுதியானால், இன்னொரு சாட்சியைக் கூப்பிடு. நான் கூப்பிடுவது இம்ஜ்பர்ன். 2013-இல் வந்த 2.5.8.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. சின்னது, இலவசம், டிரைவோடு எந்த வழியில் பேசுகிறது என்பதையும் எழுதிக் காட்டும். அதில் டிரைவ் தெரிந்தால் கஸ்டமரின் மென்பொருள்தான் தகராறு. டிரைவைவிட மென்பொருள் வயதானதாக இருக்கலாம்; பழைய பதிப்புகளுக்குப் பின்னால் வந்த டிரைவ்களை அடையாளம் தெரியாது. எக்ஸ்பியில் அட்மின் இல்லாத கணக்கில் நுழைந்தால் சில மென்பொருளுக்கு டிரைவைத் தொட அனுமதியே இருக்காது. அட்மினாகத் திறந்து பார். பொய் டிரைவ் உண்டாக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால் அதைக் கொஞ்ச நேரம் விலக்கி வை.

இம்ஜ்பர்னிலும் தெரியவில்லையா, லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து சிஸ்டத்தைக் கிளப்பு. ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓடும். டிரைவ் அங்கே எஸ்.ஆர்.0 என்ற பெயரில் வந்து, ஒரு டிஸ்கையும் படித்துவிட்டால், டிரைவ், கேபிள், போர்டு மூன்றுக்கும் விடுதலை. குற்றம் விண்டோஸுக்குள்ளே, ஆறாவதுக்குத் திரும்பிப் போ. இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஃபார்மட்டுக்கு அரை நாள்.

9. லேப்டாப் டிரைவ் மாற்றும்போது உயரத்தை அளந்துவிட்டு வாங்கு. 12.7 மில்லிமீட்டர் ஒன்று, 9.5 ஒன்று. மாற்றி வாங்கினால் ஒன்று நுழையாது, மற்றது ஆடும். புது டிரைவோடு வரும் முகப்புத் தட்டு அந்த மாடலுக்குப் பொருந்தாது. பழையதிலிருந்து கழற்றி மாட்டிக்கொள். கொக்கி மெல்லியது, நகத்தால் நெம்பு.

10. செத்த டிரைவைக் குப்பையில் போடுவதற்கு முன் டிரேயைத் திற. கரண்ட் இல்லாவிட்டால் முகப்பில் குண்டூசித் துளை ஒன்று இருக்கும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி நேராக உள்ளே தள்ளினால் டிரே அரை அங்குலம் வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழு. உள்ளே டிஸ்க் இருக்கும் என்றே நினைத்துக்கொண்டு திற. 'காது குத்து', 'சஷ்டியப்த பூர்த்தி' என்று மார்க்கரில் எழுதியது, வீட்டில் பீரோ முழுக்கத் தேடியும் கிடைக்காதது, அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தைப் பிடித்து எடு, அடிப்பக்கம் விரல் படாமல் கவரில் போட்டுப் பில்லோடு சேர்த்துக் கொடு.