குண்டு விழுந்த தூரம்: பலகை ஆட்டம் செய்ய வரும் பிள்ளைகளுக்கு

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ‘கேட்டான்’ பலகை ஆட்டம் மாதிரி நாமும் ஓர் ஆட்டம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. முதலில் வீட்டுப் பல்லாங்குழியைத் தூசி தட்டி எடுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் 14 குழி, கை நிறையப் புளியங்கொட்டை. பகடை கிடையாது, எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஒரு குழியை அள்ளும்போதே கடைசி முத்து எங்கே விழும் என்று மனசு முன்னால் ஓடுகிறதே, அந்த ஓட்டம்தான் சரக்கு. ஜெர்மனியின் ஸ்டெஃபான் ஃபெல்ட் 2011-ல் செய்த ‘ட்ராஜன்’ ஆட்டத்தில் ஆளுக்கு ஆறு குழி. கட்டைகளை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் கட்டை விழுந்த குழி எதுவோ, அதற்குரிய வேலையைத்தான் அந்த முறை செய்யலாம். நம் பாட்டிமார் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

2. யாரையும் பாதியில் எழுப்பி அனுப்பாதீர்கள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் கோடை விடுமுறையென்றால் ‘பிசினஸ்’ ஆட்டம்தான். காசு தீர்ந்த சின்னவன் திண்ணையில் போய் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முதுகு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கிளவுஸ் டாய்பர் 1995-ல் கொண்டுவந்த கேட்டானில் பின்தங்கலாம், வெளியே போக வேண்டியதில்லை. ஒருவர் பத்துப் புள்ளி எட்டும்வரை எல்லோரும் பலகையைச் சுற்றியே இருப்பார்கள்.

3. பகடையை வெறுக்காதீர்கள். தாயம் விழாமல் காய் இறங்காத கடுப்பு எல்லோருக்கும் தெரியும். கேட்டானிலும் இரண்டு பகடை உண்டு, ஆனால் யார் உருட்டினாலும் விழுந்த எண்ணுள்ள நிலத்தை ஒட்டி வீடு கட்டியவருக்கு விளையும். அடுத்தவர் கையில் உருளும் பகடையையும் நாம் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறோம். 36 வழியில் ஏழு மட்டும் ஆறு வழியில் விழும். அதில் விளைச்சல் இல்லை, திருடன் வருகிறான். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

4. கதையை வெளியூரில் தேட வேண்டாம். 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலேயக் கம்பெனி, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை நிலமும் தனக்கே என்று பேசியிருந்தது. சுட்டார்கள். குண்டு போய் விழுந்த இடமே எல்லை. ‘குண்டு கிராமம்’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். எந்தத் திசையில் சுடுவது, எவ்வளவு மருந்து இடுவது, எந்த ஊர் கைக்கு வரும்? ஆட்டம் இங்கேயே பாதி முடிந்துவிட்டது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரூடிகர் டோர்ன் 2004-ல் செய்த ‘கோவா’வில் மிளகும் கிராம்பும் கையாளும் வியாபாரியாகத்தான் ஆட முடியும், அவற்றுக்காக மண்ணில் உழைத்தவனாக ஆட முடியாது. குண்டு விழுந்த ஊரில் உழுதுகொண்டிருந்தவருக்கும் உங்கள் பலகையில் ஒரு காய் வேண்டும். அவருக்கும் ஜெயிக்க வழி வேண்டும்.

5. காய்க்குப் பணம் செலவழிக்காதீர்கள். புளியங்கொட்டை, சோழி, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

6. விதியை எழுதி, உங்களைத் தெரியாத நாலு பேரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடி உட்காருங்கள். எங்கே முழிக்கிறார்களோ அங்கே கோடு போடுங்கள். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், சொல்லாதீர்கள்.

7. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரை விடுங்கள், தோற்றவரின் கையைப் பாருங்கள். அவரே காய்களைப் பொறுக்கி மறுபடி பலகையில் அடுக்கினால், பெட்டிக்கு அளவெடுக்கலாம்.