ஸ்டாண்டு செய்யப் போகும் பிள்ளைக்கு

கண்ணு, மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவர் உன்னிடம் மோட்டார் வைக்க ஸ்டாண்டு கேட்டிருக்கிறாராம். தனியாகப் பிடித்த முதல் வேலை. வெல்டிங் ஹோல்டரை எடுக்குமுன் கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. அளவு கேட்பதற்கு முன் அவர் கடையில் போய் உட்கார். "36 அங்குல உயரம் வை" என்று எல்லாரும் வாயில் வந்ததைச் சொல்வார்கள். அந்த ஸ்டாண்டின் முன் நாளெல்லாம் நிற்கப்போவது முதலாளியா, கடைப் பையனா? நிற்பவனின் முழங்கை உயரத்தை அள. கம்பி சுற்றுவதற்கு அதிலிருந்து நாலு விரல் தாழ்த்து. சுத்தியல் வேலை என்றால் ஒரு சாண். என் குருநாதர் டேப்பை வெளியே எடுக்குமுன் நிதானமாக ஒரு டீ குடிப்பார். சோம்பேறி என்றே அவரை நினைத்திருந்தேன். மோட்டாரை எந்தப் பக்கமிருந்து தூக்கி வைக்கிறார்கள், ஸ்பானருக்கு எந்தக் கை நீள்கிறது என்பதையெல்லாம் அந்த டீ முடிவதற்குள் பார்த்துவிடுவார்.

2. "5 எச்.பி.க்கு மேல் மோட்டார் வராது" என்பார் கடைக்காரர். கோடையில் கிணற்று மோட்டார்கள் கருகி வரும்போது 10 எச்.பி.யும் அதே ஸ்டாண்டில்தான் ஏறும். அதற்கும் தாங்குகிற ஆங்கிளை எடு. அவரோடு வாதாட வேண்டாம்.

3. முதலில் டாக் மட்டும், அதாவது சின்னப் புள்ளி வெல்டு, அடி. மூலைக்கு மூலை டேப் பிடித்து, குறுக்களவு இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் முழுதாகப் பற்றவை. ஆறுகிற இரும்பு சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரே மூலையை முடித்துவிட்டு நகராமல், எதிர் மூலைக்கு மாறி மாறிப் போ. அவசரக்காரன் போட்ட சட்டத்தைத் தூரத்தில் பார்த்தாலே தெரியும்.

4. மிச்சம் கிடக்கிறது என்று ஜி.ஐ. பைப்பை அப்படியே பற்றவைக்காதே. அதன் துத்தநாகப் பூச்சின் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலாக வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள், நம்பாதே. பூச்சைத் தேய்த்து எடு, காற்றோட்டத்தில் நில்.

5. ஒரு மாதத்தில் அவர் திரும்பி வருவார். "தட்டு கொஞ்சம் மேலே இருந்தால் நல்லது, சக்கரமும் வேண்டும்" என்பார். முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. உன் கையைக் குறை சொல்ல அவர் வரவில்லை. புழங்கிப் பார்த்த பிறகுதான் எவருக்கும் தேவை தெரியும். எங்கள் தெருவில் நல்ல கைக்காரர் ஒருவர் இருந்தார். மாற்றம் என்று வாயெடுத்தாலே, "வாங்கும்போது கண் எங்கே போச்சு?" என்பார். பூச்சு மாதிரி வழவழப்பாக வெல்டு போடுவார். ஆனால் ஒரு முறை வந்தவர் மறுமுறை வரமாட்டார். நீ முதலிலேயே, சந்தேகமுள்ள இடத்தில் பற்றவைக்காமல் போல்ட்டு போடு. கால் நுனியில் நட்டு வைத்து ஏற்றி இறக்க வழி செய். கடைத் தரை எங்கே சமமாக இருக்கிறது? மாற்றக் கூலியை வேலைக்கு முன்னே சொல். பிழை உன்னுடையதென்றால் கூலி என்ற பேச்சே எடுக்காதே.

6. மாற்றுகிற அன்று மோட்டாரை இறக்கிவிட்டுத் தொடங்கு. "இரண்டு டாக்தானே, இருக்கட்டும்" என்பார் கடைக்காரர், கேட்காதே. எர்த் கிளாம்பு தள்ளி இருந்தால் கரண்டு பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழலாம். அன்று ஒன்றும் தெரியாது, சில நாளில் இரையத் தொடங்கும். யாரால் என்று அவருக்குத் தெரியாமலே போகலாம், உனக்குத் தெரியும். கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்டைச் சுரண்டிவிட்டுக் கடி.